ஹிப்போகாம்ப்: வளையத்தைத் தேடிய படங்களில் கிடைத்த நிலவு

நெப்டியூனுக்குப் பதினான்காவதாக ஒரு நிலவு இருப்பது 2013ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி தெரியவந்தது. அதைக் காட்டிக்கொடுத்த படங்களில் மிகப் பழையவை 2004ஆம் ஆண்டு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்தவை. ஒன்பது ஆண்டுகளாக அந்த நிலவு படங்களுக்குள்ளேயே இருந்திருக்கிறது. யார் கண்ணிலும் படவில்லை. கண்டுபிடித்த பிறகும் அது ஒரு வெள்ளைப் புள்ளிதான். அது உருண்டையா, கரடுமுரடா, மேலே பள்ளங்கள் உண்டா என்று காட்டும் படம் ஒன்றுகூட இன்றுவரை கிடையாது.

ஆனாலும் 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் நேச்சர் இதழில் வெளியான ஆய்வுக் கட்டுரை, அந்தப் புள்ளி பக்கத்து நிலவிலிருந்து பெயர்ந்து வந்த துண்டாக இருக்கக்கூடும் என்று வாதிட்டது. அது பலமுறை நொறுங்கி மீண்டும் சேர்ந்திருக்கும் என்பதும் அந்த ஆய்வாளர்களின் கணிப்பு. ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு இவ்வளவு சொல்லலாமா என்று வாசகர் கேட்டால் அது நியாயமான கேள்வி. சொல்லலாம் என்பதே என் கருத்து. நிலவின் முகம் தெரியாவிட்டாலும், அது சுற்றும் இடம் துல்லியமாகத் தெரிந்தால் அதன் பழைய கதையில் பெரும்பகுதியை அந்த இடத்திலிருந்தே எடுத்துவிடலாம். ஹிப்போகாம்ப் என்று இன்று பெயர் பெற்றிருக்கும் இந்த நிலவின் விஷயத்தில் எந்தச் சான்று உறுதியாக நிற்கிறது, எது ஊகத்தைத் தாங்கி நிற்கிறது என்று பிரித்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

நெப்டியூனின் குடும்பம்

சூரியனிலிருந்து சுமார் 450 கோடி கிலோமீட்டர் தொலைவில், ஒரு சுற்றுக்கு 165 ஆண்டுகள் எடுத்துக்கொண்டு நகர்கிறது நெப்டியூன். பிரான்சின் லெ வெரியே கணக்குப் போட்டுச் சொன்ன இடத்துக்கு அருகிலேயே, 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லின் வானாய்வகத்தில் யோகான் கல்லே அதைக் கண்டார். பதினேழே நாட்களில் இங்கிலாந்தின் வில்லியம் லாசெல் அதன் பெரிய நிலவான டிரைட்டனைக் கண்டுபிடித்தார். அடுத்த நிலவுக்கு நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெரார்டு கைப்பர் 1949இல் நெரெய்டைக் கண்டார்.

மூன்றாவது நிலவு வந்த வழி நம் கதைக்கு மிகவும் நெருக்கமானது. 1981 மே மாதம், நெப்டியூனுக்கு வளையம் உண்டா என்று தேடிய அமெரிக்க வானியலாளர்கள், கோளுக்கு அருகே கடந்துசென்ற ஒரு விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். அந்த ஒளி சில விநாடிகள் மங்கி மீண்டது. குறுக்கே ஏதோ ஒன்று போயிருக்கிறது. அது வளையம் அல்ல, நிலவு என்று அவர்கள் அறிவித்தார்கள். ஆனால் அந்த ஒரே ஒரு நிழலுக்குப் பிறகு எட்டு ஆண்டுகள் அதை யாரும் பார்க்கவில்லை. 1989 ஆகஸ்டு 25 அன்று நெப்டியூனின் வட துருவத்துக்கு மேலே ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் உயரத்தில் பறந்த வாயேஜர் 2 விண்கலம்தான் அந்த நிலவை உறுதிசெய்தது. லாரிசா என்று இன்று அழைக்கப்படுவது அதுதான்.

வாயேஜர் மேலும் ஐந்து நிலவுகளைப் புதிதாகக் காட்டியது. கோளிலிருந்து வெளிநோக்கிப் போனால் நையாட், தலாசா, டெஸ்பினா, கலத்தியா, பிறகு ஏற்கெனவே சொன்ன லாரிசா, கடைசியாகப் புரோட்டியஸ். இவற்றில் புரோட்டியஸ்தான் பெரியது. விட்டம் சுமார் 420 கிலோமீட்டர். நெரெய்டைவிடப் பெரிய இந்த நிலவு பூமியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தப்பியதற்குக் காரணம், அது கரிய மேற்பரப்பு கொண்டது, கோளின் ஒளி வெள்ளத்துக்கு மிக அருகில் இருப்பது. நெப்டியூனைச் சுற்றி நிலவு தேடுபவர் யாராக இருந்தாலும் மல்லுக்கட்ட வேண்டியது இந்த இரண்டோடும்தான்.

டிரைட்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 2,700 கிலோமீட்டர் விட்டம் கொண்ட அந்த நிலவு, நெப்டியூன் தன்னைத்தானே சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. கோளோடு பிறந்த நிலவு இப்படிச் சுற்ற முடியாது. புளூட்டோ போன்ற உலகங்கள் உலவும் புறவெளியிலிருந்து வந்து நெப்டியூனின் ஈர்ப்பில் மாட்டிக்கொண்டது என்பதே பொதுவான முடிவு. அப்படி வந்தபோது, அதற்கு முன் இருந்த நிலவுகளின் பாதைகளைக் குலைத்து ஒன்றோடொன்று மோதவிட்டிருக்கும். அந்தச் சிதிலம் கோளருகே திரண்டு உருவானவைதான் இன்றைய உள்நிலவுகள் என்று கருதுகிறார்கள். அதாவது புரோட்டியஸே இரண்டாம் தலைமுறை.

படங்களில் மறைந்திருந்த ஒன்பது ஆண்டுகள்

ஹபிளின் படங்கள் நிலவுக்காக எடுக்கப்பட்டவை அல்ல. நெப்டியூனின் வளையங்களில் மிக வெளியே உள்ள ஆடம்ஸ் வளையத்தில் ஒரு விசித்திரம் உண்டு. வளையம் முழுவதும் சீராக இல்லாமல், சில இடங்களில் மட்டும் பொருள் திரண்டு வில் வில்லாக ஒளிர்கிறது. லிபர்ட்டே, எகாலிட்டே, ஃபிராட்டர்னிட்டே, கூராஜ் என்று அவற்றுக்குப் பெயர். இயற்பியல்படி இப்படிப்பட்ட திரட்சி சில ஆண்டுகளிலேயே வளையம் முழுவதும் பரவிக் கலைந்துவிட வேண்டும். ஏன் கலையவில்லை என்பது பெரிய கேள்வி. வாயேஜருக்குப் பிறகு வந்த பதிவுகளில் முன்பக்க வில்கள் மங்கிவருவதும் தெரிந்தது. இந்த மாற்றத்தைத் தொடர்ந்து கவனிக்கத்தான் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் உள்ள சேட்டி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் ஷோவால்டர் ஹபிள் படங்களோடு உழைத்துக்கொண்டிருந்தார்.

2004, 2005ஆம் ஆண்டுப் படங்களை எடுத்தது ஹபிளில் அப்போது இருந்த உயர்தெளிவுக் கேமரா. 2007 ஜனவரியில் மின்கோளாறால் அந்தக் கேமரா செயலிழந்தது, பிறகு மீளவே இல்லை. 2009 மே மாதம் விண்வெளி வீரர்கள் சென்று புதிய கேமராவைப் பொருத்தினார்கள். அதே ஆண்டில் நெப்டியூன் மீண்டும் படமெடுக்கப்பட்டது. இடையில் விழுந்த இந்த இடைவெளி, கெட்டதிலும் ஒரு நன்மையாக அமைந்தது. ஒரு நிலவின் சுற்றுக்காலத்தைத் துல்லியமாகச் சொல்ல, ஆண்டுக்கணக்கில் பிரிந்திருக்கும் பதிவுகள் வேண்டும். 2004இலும் 2009இலும் ஒரே கணக்குக்குப் பொருந்தி நிற்கும் புள்ளி, தற்செயலான இரைச்சலாக இருக்க வழியில்லை.

வளையப் பகுதியைத் தாண்டி, வெளியே என்ன இருக்கிறது பார்ப்போம் என்று ஷோவால்டர் தன் கணக்கை வெளிநோக்கி விரித்தார். குறிப்பாக எதையும் எதிர்பார்த்து அல்ல. கோளின் மையத்திலிருந்து ஏறத்தாழ 1,05,000 கிலோமீட்டர் தொலைவில், லாரிசாவுக்கும் புரோட்டியஸுக்கும் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி நின்றது. பிறகு பழைய படங்களுக்குத் திரும்பினார். 2004 முதல் 2009 வரையிலான 150க்கும் மேற்பட்ட படங்களில் அந்தப் புள்ளியைத் தொடர முடிந்தது. 2013 ஜூலை 15 அன்று நாசா செய்தியை வெளியிட்டது.

ஹபிளின் படங்கள் அந்த ஆண்டுகளில் சாதாரணமாக ஓராண்டு கழிந்ததும் பொதுக் கிடங்குக்கு வந்துவிடும். உலகில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆகவே இந்த நிலவு பல ஆண்டுகள் எல்லோருக்கும் திறந்த கதவுக்குப் பின்னால் இருந்தது. தனித்தனிப் படத்தில் அதைக் காண முடியாது என்பதுதான் அதைக் காத்தது. விண்கலமும் தொலைநோக்கியும் செய்தியாகிற அளவுக்குக் கிடங்குகள் செய்தியாவதில்லை. பழைய படங்களைச் சிதையாமல், எந்த நொடியில் எந்தத் திசையில் எடுத்தது என்ற குறிப்போடு காத்துவைத்தவர்களின் உழைப்புக்கும் இந்தக் கண்டுபிடிப்பில் சமபங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

புள்ளியைப் பிடித்த கணக்கு

இந்த நிகழ்வில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இது. ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஹிப்போகாம்பின் ஒளிப்பொலிவு எண் 26.5. இந்த எண் கூடக்கூடப் பொருள் மங்கல் என்று பொருள். நம் வெறுங்கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான விண்மீனைவிடப் பத்து கோடி மடங்கு மங்கல். பக்கத்தில் நிற்கும் நெப்டியூனோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்று கோடி மடங்கு மங்கல். வானத்தில் கோளின் மையத்துக்கும் நிலவுக்கும் உள்ள இடைவெளி அதிகபட்சம் ஐந்து ஆர்க் விநாடி. ஒரு பாகையில் 720இல் ஒரு பங்கு. இவ்வளவு மங்கலான பொருளைப் படமெடுக்கச் சாதாரண வழி, நீண்ட நேரம் ஒளியைச் சேர்ப்பது. இங்கே அந்த வழி செல்லாது.

காரணம் வேகம். சுமார் 1,05,283 கிலோமீட்டர் ஆரமுள்ள பாதையை 22.8 மணி நேரத்தில் சுற்றினால் வேகம் விநாடிக்கு எட்டு கிலோமீட்டர். ஐந்து நிமிடம் ஒளியைச் சேர்த்தால் அதற்குள் நிலவு 2,400 கிலோமீட்டர் ஓடிவிடும். ஹபிளின் படத்தில் அது மூன்று முதல் ஐந்து பிக்சல் நீளக் கீற்று. முக்கால் மணி நேரம் தொடர்ந்து சேர்த்தால் ஏறத்தாழ 22,000 கிலோமீட்டர், நெப்டியூனின் விட்டத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. கிடைக்கும் கொஞ்ச ஒளியும் இருபத்தைந்துக்கு மேற்பட்ட பிக்சல்களில் சிதறினால், ஒவ்வொரு பிக்சலிலும் விழுவது இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். குறுகிய நேரப் படமானால் ஒளி போதாது. நீண்ட நேரப் படமானால் ஒளி கலைகிறது.

இதற்கு ஷோவால்டர் குழு கண்ட வழி எளிமையானது, ஆனால் துணிச்சலானது. கோளிலிருந்து எவ்வளவு தொலைவில் சுற்றும் பொருள் என்ன வேகத்தில் போகும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். கெப்லரின் விதியும், நெப்டியூன் துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதற்கான சிறு திருத்தமும் போதும். ஆகவே அடுத்தடுத்து எடுத்த குறுகிய நேரப் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அப்படியே வைக்காமல், ஒவ்வொரு படத்தையும் கணக்குப்படி முறுக்கி வைக்கிறார்கள். கோளுக்கு அருகே உள்ள வட்டத்தை அதிகமாகவும், தொலைவில் உள்ள வட்டத்தைக் குறைவாகவும் பின்னோக்கித் திருப்புகிறார்கள். ராட்டினத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கூடவே சுற்றும் மற்ற இருக்கைகள் அசையாமல் இருப்பது போல, இப்படித் திருப்பிய படங்களில் கோளைச் சுற்றும் பொருள்கள் எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும். பின்னணி விண்மீன்களும், கேமராவில் விழும் பழுதுகளும்தான் கலைந்துபோகும். அவற்றைக் கூட்டினால் நிலவின் ஒளி ஒரே புள்ளியில் குவிகிறது.

இந்த முறையின் அழகு, நிலவு எங்கே இருக்கிறது என்று முன்னரே தெரிந்திருக்கத் தேவையில்லை என்பதில் இருக்கிறது. சட்டப்படி சுற்றுகிற எதுவானாலும் தானாக எழுந்து நிற்கும். அதே படங்களில் இன்னொன்றும் எழுந்து நின்றது. வாயேஜர் 1989இல் பார்த்த பிறகு யாராலும் காண முடியாதிருந்த நையாடும் அவற்றிலிருந்து மீண்டது. 2013 அக்டோபரில் அது அறிவிக்கப்பட்டது. பழைய கணக்கு சொன்ன இடத்தில் அது இல்லை, வெகுவாக விலகி நின்றது. ஒரே கணக்கு ஒரு புதிய நிலவையும் தொலைந்துபோன ஒரு நிலவையும் சேர்த்துத் தந்தது என்பது, அந்தப் புள்ளி உண்மையானதுதான் என்ற நம்பிக்கையை எனக்கு இரட்டிப்பாக்குகிறது. 2016இல் ஹபிள் மீண்டும் பார்த்தபோதும் எதிர்பார்த்த இடத்தில் ஹிப்போகாம்ப் இருந்தது. இருப்பும் பாதையும் இனி சந்தேகத்துக்கு இடமில்லாதவை.

எவ்வளவு பெரியது?

2013இல் சொன்ன அளவு 20 கிலோமீட்டருக்கு மிகாது என்பது. 2019 கட்டுரையில் அது ஏறக்குறைய 35 கிலோமீட்டர் ஆயிற்று. நிலவு வளரவில்லை, ஒளிர்வை அளந்த விதம் மேம்பட்டது. இரண்டு எண்களுமே நேரடி அளவீடு அல்ல என்பதை வாசகர் மனத்தில் வைக்க வேண்டும். புள்ளியிலிருந்து வரும் ஒளி இரண்டு விஷயங்களின் பெருக்கல்: பரப்பு எவ்வளவு, அந்தப் பரப்பு எத்தனை சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டையும் புள்ளியிலிருந்து தனித்தனியாகப் பிரிக்க முடியாது. அண்டை நிலவுகளைப் போல இதுவும் சுமார் 9 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் கரிய பரப்பு என்று எடுத்துக்கொண்டால் 35 கிலோமீட்டர் வருகிறது. 36 சதவீதம் என்று வைத்தால் விட்டம் பாதியாகும். 4.5 சதவீதம் என்றால் 49 கிலோமீட்டர்.

இந்த நிச்சயமின்மை அடுத்து வரும் வாதத்தைக் கவிழ்த்துவிடுமா என்று நான் தனியே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கவிழ்க்காது. 35 கிலோமீட்டர் என்றால் புரோட்டியஸின் விட்டத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கன அளவில் ஆயிரத்து எழுநூறில் ஒரு பங்கு. 49 கிலோமீட்டர் என்று வைத்தாலும் அறுநூறில் ஒரு பங்குக்கு மேல் போகாது. எந்தக் கணக்கிலும் புரோட்டியஸ் பக்கத்தில் இது ஒரு தூசு. வாதத்துக்குத் தேவையானதும் அவ்வளவுதான்.

நகரும் அண்டை

நம் நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் வீதம் பூமியை விட்டு விலகுகிறது என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். கடலில் ஓதத்தை எழுப்பும் அதே ஈர்ப்புதான் காரணம். நிலவின் இழுப்பால் கோள் சற்றுப் புடைக்கிறது. கோள் நிலவைவிட வேகமாகச் சுழன்றால், புடைப்பு நிலவுக்கு முன்னால் தள்ளப்பட்டு, நிலவை முன்னோக்கி இழுக்கிறது. அதனால் நிலவுக்கு உந்தம் கூடி, பாதை விரிகிறது. நிலவு கோளின் சுழற்சியைவிட வேகமாகச் சுற்றினால் எல்லாம் தலைகீழ்: புடைப்பு பின்தங்கி, நிலவைப் பின்னோக்கி இழுத்து, உள்ளே இறங்கச் செய்கிறது.

நெப்டியூன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 16 மணி நேரம். நையாட் ஏழு மணி நேரத்திலும், லாரிசா 13 மணி நேரத்திலும் சுற்றுகின்றன. லாரிசாவும் அதற்கு உள்ளே இருக்கும் நான்கும் மெல்ல மெல்லக் கோளை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கின்றன. புரோட்டியஸுக்கு 27 மணி நேரம், ஹிப்போகாம்புக்கு 23 மணி நேரம். ஆகவே இவை இரண்டும் வெளியே போகின்றன.

எவ்வளவு வேகத்தில் போகும் என்பதில்தான் திருப்பம். கோளில் எழும் புடைப்பின் அளவு, அதை எழுப்பும் நிலவின் நிறையைப் பொறுத்தது. பெரிய நிலவு பெரிய புடைப்பை எழுப்பி வேகமாக விலகும். சிறியது எழுப்பும் புடைப்பு மிகச் சிறியது, ஆகவே அது நின்ற இடத்திலேயே நிற்கும். ஹிப்போகாம்ப் நகர்வது புரோட்டியஸின் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். 400 கோடி ஆண்டுகளில் புரோட்டியஸ் 11,000 கிலோமீட்டருக்கு மேல் வெளியே போயிருக்கும் என்பது கணிப்பு. இன்று இரண்டு பாதைகளுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 12,000 கிலோமீட்டர்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால், புரோட்டியஸ் ஹிப்போகாம்பின் பாதையை நெருங்கி வந்து நிற்கிறது. அவ்வளவு பெரிய நிலவின் மூக்குக்குக் கீழே தனியாக ஒரு சிறு நிலவு திரண்டு உருவாவது கடினம். பக்கத்தில் கிடக்கும் பொருளைப் புரோட்டியஸ் தன்னோடு சேர்த்துக்கொண்டிருக்கும், இல்லை விலக்கி எறிந்திருக்கும். இன்று தனித்து நிற்கும் இந்தச் சின்ன நிலவு, ஒருகாலத்தில் புரோட்டியஸ் இருந்த இடத்தை ஒட்டியே நிற்கிறது என்றால், அதிலிருந்தே வந்ததா என்று கேட்பதுதான் இயல்பு.

அந்தக் கேள்விக்குத் துணையாக வாயேஜர் எடுத்த படம் ஒன்று இருந்தது. புரோட்டியஸின் முகத்தில் ஃபாரோஸ் என்ற பிரம்மாண்டமான பள்ளம் உண்டு. அதன் விட்டம் 230 முதல் 260 கிலோமீட்டர் வரை. அதாவது நிலவின் விட்டத்தில் பாதிக்கு மேல். இதைவிடச் சற்றுப் பெரிய அடி விழுந்திருந்தால் புரோட்டியஸே பிளந்திருக்கும். பெரிய வால்மீன் ஒன்று மோதி இதைத் தோண்டியது என்றால், தோண்டிய பொருள் எங்கே? பெரும்பகுதி மீண்டும் புரோட்டியஸ் மீதே விழுந்திருக்கும். கொஞ்சம் நெப்டியூனைச் சுற்றும் பாதையில் தங்கியிருக்கும். ஃபாரோஸ் பள்ளத்திலிருந்து வெளியேறிய பொருளின் கன அளவில் ஹிப்போகாம்ப் சுமார் 2 சதவீதம்தான். துண்டு பள்ளத்துக்குள் தாராளமாக அடங்கிவிடுகிறது.

ஷோவால்டர், இம்கே டி பாட்டர், ஜாக் லிசாவர், ராபர்ட் ஃபிரெஞ்சு ஆகியோர் 2019இல் முன்வைத்த சித்திரம் இதுதான். டிரைட்டன் வந்து பழைய நிலவுகளைச் சிதைத்தது. சிதிலத்திலிருந்து புரோட்டியஸ் பிறந்தது. அதன்மீது வால்மீன் மோதியது. தெறித்த துகள்கள் திரண்டு ஹிப்போகாம்ப் ஆயின. புரோட்டியஸ் நகர்ந்துபோயிற்று, துண்டு அங்கேயே நின்றுவிட்டது. அப்படியானால் இது மூன்றாம் தலைமுறை நிலவு.

எது உறுதி, எது ஊகம்

வால்மீன்களின் எண்ணிக்கையை வைத்துப் போட்ட கணக்கு, இவ்வளவு சிறிய நிலவு கடந்த 400 கோடி ஆண்டுகளில் ஏறத்தாழ ஒன்பது முறை நொறுங்கியிருக்க வேண்டும் என்கிறது. முதலில் படித்தபோது இது முந்தைய வாதத்தோடு மோதுகிறதே என்று தோன்றும். நொறுங்கிக்கொண்டே இருந்த நிலவுக்கு ஒரே பிறப்பிடம் எப்படி? விடை, நொறுங்கிய துகள்கள் கோளின் ஈர்ப்பை விட்டுத் தப்பிப் போவதில்லை என்பது. அவை அதே பாதையை ஒட்டி ஒரு வளையமாகப் பரவி, மெல்ல மோதி மோதி, மீண்டும் ஒன்றாகின்றன. உருவம் மாறினாலும் பாதை ஏறக்குறைய அதுவே. ஆகவே பாதையை வைத்துப் பேசும் வாதம் பிழைக்கிறது. ஆனால் ஒன்பது என்ற எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வால்மீன்கள் எத்தனை என்ற மதிப்பீட்டின் மேல் ஏறி நிற்கும் எண். பலமுறை என்று படித்தால் போதும்.

பாதை, சுற்றுக்காலம், ஒளிர்வு மூன்றும் அளந்தவை. புரோட்டியஸ் வெளியே நகர்கிறது, ஹிப்போகாம்ப் கிட்டத்தட்ட நகரவில்லை என்பது இயற்பியலின் நேரடி விளைவு. அதையும் உறுதி என்றே சேர்ப்பேன். புரோட்டியஸ் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதில் உறுதி குறைகிறது. நெப்டியூனின் உட்பகுதி ஓத ஆற்றலை எவ்வளவு வீணாக்குகிறது என்பதைப் பொறுத்தது அது. அந்த மதிப்பு நேரடியாக அளக்கப்பட்டதல்ல.

எல்லாவற்றிலும் மெலிந்த கண்ணி ஃபாரோஸ்தான். ஹிப்போகாம்பைப் பெற்ற அடி அந்தப் பள்ளத்தைத் தோண்டிய அடியேதான் என்று காட்டும் தடயம் எதுவும் இல்லை. பள்ளம் இருக்கிறது, துண்டு இருக்கிறது, அளவு ஒத்துப்போகிறது; அவ்வளவே. வேறொரு பெரிய அடியிலிருந்தும் அது வந்திருக்கலாம். கட்டுரை ஆசிரியர்களும் "அநேகமாக" என்ற எல்லையைத் தாண்டவில்லை. பல செய்தித் தளங்கள் அந்த ஒரு சொல்லை உதறிவிட்டு, "நெப்டியூன் நிலவின் பிறப்பு மர்மம் விலகியது" என்ற தொனியில் எழுதியதுதான் எனக்கு வருத்தம். மர்மம் விலகவில்லை. நல்ல சந்தேகநபர் கிடைத்திருக்கிறார்.

பிறகு நடந்தவை

பெயர் சூட்டல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நெப்டியூனின் நிலவுகளுக்குக் கிரேக்க, ரோமானியக் கடல் புராணங்களிலிருந்தே பெயர் வைக்க வேண்டும் என்பது சர்வதேச வானியல் சங்கத்தின் விதி. ஆழ்கடல் நீச்சலில் ஆர்வம் கொண்ட ஷோவால்டர், குதிரை உடலும் மீன் வாலும் கொண்ட புராண விலங்கின் பெயரைத் தேர்ந்தெடுத்தார்.

2022இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி நெப்டியூனைப் படமெடுத்து வெளியிட்டபோது வளையங்கள் கண்ணைப் பறித்தன. ஏழு நிலவுகள் பெயரிட்டுக் காட்டப்பட்டன. ஹிப்போகாம்ப் அவற்றில் இல்லை. 2024 பிப்ரவரியில் நெப்டியூனுக்கு மேலும் இரண்டு நிலவுகள் அறிவிக்கப்பட்டு எண்ணிக்கை 16 ஆயிற்று. அவை இரண்டும் கோளுக்கு வெகு தொலைவில் சுற்றுபவை. அவற்றில் சிறியதன் விட்டம் 14 கிலோமீட்டர் அளவே என்று மதிப்பிடப்பட்டிருப்பதால், நெப்டியூனின் மிகச் சிறிய நிலவு என்ற பட்டம் ஹிப்போகாம்பை விட்டுப் போய்விட்டது. அவற்றைத் தேடியபோதும் ஐந்து நிமிடப் படங்கள் பலவற்றை, நெப்டியூனின் நகர்வுக்கு ஏற்ப ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்திக் கூட்டினார்கள். 2025 பிப்ரவரியில் வெப் எடுத்த 40 நிமிடப் படங்கள் பத்திலிருந்து யுரேனஸுக்கு ஒரு புதிய நிலவு கிடைத்தது. விட்டம் 10 கிலோமீட்டர் அளவில். 1986இல் யுரேனஸ் அருகே பறந்த வாயேஜர் 2 அதையும் பார்த்திருக்கவில்லை.

ஹிப்போகாம்ப் வழக்கைத் தீர்க்க வேண்டியது நிறப்பிரிகைதான். துண்டு என்றால், அதன் மேற்பரப்பு திருப்பி அனுப்பும் ஒளியின் நிறக்கூறுகள் புரோட்டியஸோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் 2019இன் சித்திரத்தைத் திருத்த வேண்டிவரும். ஒளிப்பொலிவு எண் 26.5 கொண்ட புள்ளியின் ஒளியை, மூன்று கோடி மடங்கு பிரகாசமான கோளின் பக்கத்தில், நிறம் நிறமாகப் பிரிப்பது ஹபிளால் ஆகாத காரியம். விண்கலம் அருகே போனால் ஒரே நாளில் விடை கிடைக்கும். ஆனால் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2022இல் அடுத்த பத்தாண்டுகளுக்கு வகுத்த கோள் ஆய்வுத் திட்டத்தில், பெரிய பயணங்களில் முதலிடம் யுரேனஸுக்குத்தான் போயிற்று. நெப்டியூனுக்குப் போன விண்கலம் இன்றும் வாயேஜர் 2 ஒன்றுதான். ஆகவே அடுத்த சான்று வெப்பிலிருந்தோ, சிலி நாட்டு மலையுச்சியில் எழும்பிவரும் 39 மீட்டர் ஆடி கொண்ட ஐரோப்பியப் பெருந்தொலைநோக்கியிலிருந்தோதான் வர வேண்டும்.